கிட்டார் பைண்டிங், பர்ஃப்லிங், ரோசெட் பிழைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பட்டியை ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் டேப்பைப் பிரிக்கும்போது தெரியும் பிழைகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் கிடையாது. ஒவ்வொரு கிட்டாரிலும் அவையேதான் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் சரிசெய்யக் கையில் எடுத்தவற்றில் பாதிக்கு மேல் முதல் பிழை சிறியதாகவே இருந்தது. அதை மறைக்க அவசரமாக ஊற்றிய பசைதான் பலகையைக் கெடுத்திருந்தது.

கீழே ‘பட்டி’ என்றால் விளிம்பில் ஓடும் பைண்டிங். அதை ஒட்டி உள்பக்கம் ஓடும் மெல்லிய கறுப்பு வெள்ளைக் கோடுகள் பர்ஃப்லிங். இரண்டும் உட்கார ரவுட்டர் என்ற சுழல்வெட்டுக் கருவியால் வெட்டும் படி, காடி. ஒலித்துளையைச் சுற்றி வரும் வளையம் ரோசெட்.

## கை வைப்பதற்கு முன் 5 நிமிடம்

மேஜை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பலகை மேல் சாய்வாக விழும்படி வையுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் அப்போது தெரியும். சாதாரண எழுது காகிதம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். அதில் ஒரு துண்டை இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் அந்த இடைவெளி மேல்பூச்சிலேயே நிரம்பிவிடும், தொட வேண்டாம். அப்புறம் துணியில் கொஞ்சம் நாஃப்தா (சீக்கிரம் ஆவியாகும் ஒரு கரைப்பான்) நனைத்துத் துடையுங்கள். பசை படிந்த இடம் வெளிறித் தெரியும், மரமும் ஊதாது. நாஃப்தா சட்டென்று தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து, சூடான கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, பட்டி நெடுக நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் சத்தம் பொள்ளலாக மாறும். அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

## அறிகுறி: இடுப்பு வளைவில் பட்டிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே இடைவெளி

அதிகம் வருவது இதுதான். காரணமும் எளிது. கயிறாலோ துணிப் பட்டையாலோ உடலைச் சுற்றிக் கட்டினால், அது இடுப்பைத் தொடாமல் பாலம் மாதிரி தாண்டிப் போய்விடும். பெருவிரலை இடைவெளியின் நடுவில் வைத்து அழுத்துங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அந்த விரலே சொல்லிவிடும்.

### லேசாக அழுத்தினாலே மூடுகிறது

பசை போதவில்லை, அல்லது காய்வதற்குள் டேப் விட்டுவிட்டது. மரப் பட்டி என்றால் மரப்பசையை மெல்லிய காகிதக் கீற்றில் தடவி உள்ளே நுழைத்து, முன்னும் பின்னும் இழுங்கள். இரண்டு மூன்று தடவை இழுத்தால் பசை அடிவரை போய்விடும். வழிவதைத் துடைத்துவிட்டு, இடுப்பின் வளைவுக்கு ஏற்பச் சீவி கார்க் ஒட்டிய கட்டையைக் கயிற்றுக்கும் பட்டிக்கும் நடுவே செருகுங்கள். அழுத்தம் நேராக அங்கே இறங்கும்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டிக்கு மரப்பசை பிடிக்காது. அதே பட்டியின் வெட்டுத் துண்டுகளை அசிட்டோனில் ஊறப் போட்டால் தயிர் போல ஒரு குழம்பு கிடைக்கும். அதைத் தடவி அழுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பூச்சு அடித்த கிட்டாரில் இதைச் செய்யாதீர்கள். அசிட்டோன் பல பூச்சுகளைக் கரைத்துவிடும்.

### எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை

உள்ளே ஏதோ இருக்கிறது. ஒரு தடவை இப்படி நின்ற பட்டியை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்தேன். காடியின் உள்மூலையில் கடுகளவு பசை காய்ந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கடுகு இரண்டு பக்கமும் 4 சென்டிமீட்டருக்குப் பட்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தது. கூரான உளியின் முனையால் ஒரே தட்டு, மூலை சுத்தமாகிவிட்டது. மேல்தட்டை ஒட்டும்போது வழிந்த பசையையும், ரவுட்டர் விட்டுப் போன மர நாரையும் காடியின் மூலை நெடுகத் தேடுங்கள்.

மரப்பசையால் ஒட்டிய பட்டியைப் பிரிக்க, சூடாக்கிய மெல்லிய கத்தித் தகட்டை மூட்டில் நுழைத்து மெதுவாக நகர்த்தினால் போதும், பசை இளகும். தகட்டை உள்நோக்கி நெம்பாதீர்கள், பர்ஃப்லிங் பெயர்ந்து வரும். பட்டியின் பக்கமாகவே சாய்த்துப் பிடியுங்கள்.

### மூடுகிறது, விரலை எடுத்ததும் துள்ளி வெளியே வருகிறது

பட்டி போதுமான அளவு வளைக்கப்படவில்லை. பசையையும் இறுக்கத்தையும் நம்பி இதை அடக்கி ஒட்டலாம், இன்றைக்கு நிற்கும். காற்று வறண்ட ஒரு மாதத்தில் திரும்ப விட்டுவிடும். இடுப்பின் இரு பக்கமும் ஒரு சாண் பிரித்து, ஈரத் துணி சுற்றி, வெப்பக் காற்றுக் கருவியால் சூடாக்கி, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். விரல் நுனியின் அழுத்தத்தில் தானாகப் போய் உட்கார வேண்டும். ஏபிஎஸ் பட்டிக்குத் தலைமுடி உலர்த்தியின் சூடே போதும்.

செல்லுலாய்டு பட்டியாக இருந்தால் வெப்பக் காற்று வேண்டவே வேண்டாம், பொசுக்கென்று தீப்பிடிக்கும் பொருள் அது. வெட்டுத் துண்டை வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு.

### இடைவெளி நெடுக ஒரே அகலம்

காடியின் உயரம் பட்டியைவிட அதிகம். அழுத்தி ஒன்றும் ஆகாது, நிரப்பத்தான் வேண்டும். எதை வைத்து நிரப்புவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மரத்தூளில் பசை ஊறினால் அது எப்போதும் அசல் மரத்தைவிடக் கருத்துத்தான் போகும். கருங்காலியிலும் ஈட்டியிலும் அது நமக்குச் சாதகம்: தூளை அடைத்து, மெல்லிய சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் சுரண்டினால் இடமே தெரியாது. மேப்பிளிலும், மேல்தட்டு செய்யும் ஸ்ப்ரூஸிலும் அதே வேலை பழுப்புக் கோடாக நின்றுவிடும். வெளிர் மரத்துக்குத் தூள் கூடாது. அதே மரத்தில் சீவிய மெல்லிய கீற்றை ஆப்பு போலச் செதுக்கி, ரேகை ஒரே திசையில் ஓடும்படி செருகுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்: ஒலித்துளை வழியாக உள்ளே சிறு விளக்கை வைத்து, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். இடைவெளியில் வெளிச்சம் வந்தால், பக்கப் பலகையும் தட்டும் சேரும் மூலையில் உள்ளே ஒட்டிய மூட்டுப் பட்டியையும் காடி தாண்டிவிட்டது, அல்லது பக்கப் பலகையே அந்த மூட்டுப் பட்டியைவிட்டுப் பிரிந்திருக்கிறது. இது அலங்காரப் பிரச்சினை இல்லை. உடலை மூடிய பிறகு இதைத் தனியாகச் சரிசெய்ய முயலாமல், கிட்டார் கட்டுபவர் ஒருவரிடம் கொண்டு போங்கள்.

## அறிகுறி: பட்டி ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரிகிறது

வெர்னியரை எடுத்து, சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்து எழுதுங்கள். மெலிவு எங்கே கூடியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

ஓரிரு இடத்தில் மட்டும் மெலிவு என்றால், சுரண்டும்போது கை அங்கே அதிக நேரம் நின்றிருக்கிறது. 2 மில்லிமீட்டர் பட்டி 1.5 வரை தேய்ந்திருந்தால் பயமில்லை. கண்ணுக்குத் திடீர் மாற்றம்தான் உறுத்தும், படிப்படியாக மெலிவது உறுத்தாது. அதனால் இரு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்குச் சரிவாகச் சுரண்டிக் கலந்துவிடுங்கள்.

அலை அலையாக ஏறி இறங்கினால், காடி வெட்டும் முன்பே பக்கப் பலகை மேடு பள்ளமாக இருந்திருக்கிறது. ரவுட்டரின் பேரிங் அந்த அலையை அப்படியே காடிக்கு நகல் எடுத்துவிட்டது. பட்டியை ஒட்டிய பிறகு பக்கத்தை நேராக்கினால் மேட்டில் எல்லாம் பட்டி மெலியும். ஒட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்தீர்களானால், பலகையை நேராக்கி, இன்னொரு சுற்று ரவுட்டர் ஓட்டினால் முடிந்தது.

பின்தட்டில் மட்டும், அதுவும் காடியே சாய்ந்து தெரிந்தால், ரவுட்டர் சாய்ந்து ஓடியிருக்கிறது. பின்தட்டின் வளைவு ஆரம் பெரும்பாலும் 15 அடி. மேல்தட்டுக்கு 25 முதல் 30 அடி. அதனால் பின்தட்டில்தான் சாய்வு அதிகம். காடிக்குள் சிறிய மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால், ரவுட்டரின் அடித்தட்டு முழுதும் பலகையில் உட்காராமல், வெட்டும் இடத்துக்கு அருகில் மட்டும் தொடும்படி சிறு வளையத் தகடு ஒன்றை அடியில் ஒட்டி மறுபடி ஓட்டுங்கள்.

ஏற்கெனவே ஒட்டி, பட்டி 1 மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தால் கலக்கவெல்லாம் முடியாது. பட்டியைக் கழற்றி, காடியை அகலப்படுத்தி, ஒரு பர்ஃப்லிங் கோட்டைக் கூடுதலாகச் சேர்த்துப் புதுப் பட்டி ஒட்ட வேண்டும். உடல் நெடுக அந்தக் கோடு ஓட வேண்டும், அரைகுறையாக நிறுத்தினால் பிழை என்று காட்டிக்கொடுக்கும். இரண்டு நாள் வேலை, ஆனால் முடிவு நன்றாகவே இருக்கும்.

## அறிகுறி: காடி வெட்டும்போது ஸ்ப்ரூஸ் விளிம்பு சிலாம்பாகப் பெயர்ந்தது

ரவுட்டரை உடனே அணையுங்கள். தரையைப் பெருக்காதீர்கள். பெயர்ந்த துண்டு காலடியிலோ தூசுப் பைக்குள்ளோ இருக்கும். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, வேறு எந்த மரமும் அந்த அளவு பொருந்தாது.

### துண்டு கிடைத்தது

பசை போடாமல் முதலில் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் மேலே என்று பென்சிலால் குறியுங்கள். மரப்பசை தடவி வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, டேப்பால் இறுக்குங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம், ஏன் என்று அடுத்த அறிகுறியில் சொல்கிறேன்.

### துண்டு கிடைக்கவில்லை, பெயர்ந்த இடம் பர்ஃப்லிங் அகலத்துக்குள் இருக்கிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். பர்ஃப்லிங் காடி அந்த இடத்தை எப்படியும் வெட்டி எடுக்கப் போகிறது. இன்னும் பர்ஃப்லிங் முடிவு செய்யவில்லை என்றால், அந்தச் சிலாம்பை விழுங்கும் அகலத்தில் தேர்ந்தெடுங்கள்.

### பர்ஃப்லிங்கையும் தாண்டிப் போயிருக்கிறது

மேல்தட்டை வடிவத்துக்கு அறுத்தபோது மிஞ்சிய ஓரத் துண்டுகளை எறியாமல் வைத்திருந்தால் இப்போது கை கொடுக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை ரேகை என்று எண்ணி, அதே நெருக்கமுள்ள பகுதியிலிருந்து ஒரு கீற்றைச் சீவுங்கள். பெயர்ந்த இடத்தை ரேகையோடு ஓடும் நீண்ட பக்கங்களும் ஊசிமுனை போன்ற முனைகளும் கொண்ட படகு வடிவத்துக்குச் சுத்தம் செய்யுங்கள். ரேகைக்குக் குறுக்கே ஓடும் நேர் வெட்டு எதுவும் இருக்கக் கூடாது, பளிச்சென்று தெரிவது அதுதான். கீற்றைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் வைத்தால் சுற்றியுள்ள மரத்தோடு சேர்ந்து மினுங்கும், மறுபக்கம் மங்கும். மினுங்கும் பக்கத்தையே வையுங்கள்.

மிச்சக் காடியை வெட்டும்போது அகலமான இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்துக்கு ஓட்டுங்கள்: கீழ் வயிற்றின் உச்சியிலிருந்து இடுப்புக்கு, அதே உச்சியிலிருந்து அடிமுனைக்கு, மேல் தோளிலும் இப்படியே. சில பகுதிகளில் பிட் (ரவுட்டரின் வெட்டும் அலகு) சுழலும் திசையோடு சேர்ந்து ஓட்ட வேண்டி வரும். அங்கே ரவுட்டர் முன்னால் பாயப் பார்க்கும், இரு கையாலும் பிடித்து மயிரிழை மயிரிழையாக எடுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்: சிலாம்பு விரிசலாக மாறி மேல்தட்டுக்குள் ஓடியிருந்தால், கிட்டாரை லேசாக அழுத்தி விரிசல் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் உள்ளேயும் முட்டு ஒட்ட வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர் அனுபவசாலியிடம் காட்டுவதே நல்லது.

## அறிகுறி: பட்டியை ஒட்டி ஸ்ப்ரூஸில் ஈரம் போல ஒரு கறை

மெல்லிய சூப்பர் க்ளூ. பூசாத ஸ்ப்ரூஸின் ரேகை முனையில் ஒரு சொட்டு பட்டதும் அது இரண்டு விரற்கடை தூரம் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி. காய்ந்ததும் மறைந்தது போலத் தோன்றும். மேல்பூச்சின் முதல் கை பட்டதும் கருத்து எழும்.

நாஃப்தா தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள மரம் நனைந்து நிறம் மாற, கறை மட்டும் மாறாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம். மேலாக இருந்தால் கூரான சுரண்டு தகட்டால் சில சீவல்கள் எடுத்தாலே போய்விடும். ஒவ்வொரு பத்துச் சீவலுக்கும் நாஃப்தா தடவிச் சோதியுங்கள். கறை சுருங்காமல் அதே அளவில் நின்றால் அது ஆழம் வரை போயிருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு பலகையைப் பள்ளமாக்க வேண்டாம். மேல்தட்டு பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அக்கம்பக்கம்தான், அதில் அரை மில்லிமீட்டர் போனாலே பெரிது. அப்போது இரண்டே வழி: லேசான நிறப் பூச்சால் மேல்தட்டு முழுவதையும் அந்த நிறத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது, அல்லது விட்டுவிடுவது. அசிட்டோனால் துடைத்தால் கறை பரவத்தான் செய்யும்.

அடுத்த தடவை காடியின் உள்சுவரிலும் விளிம்பிலும் ஷெல்லாக் (ஆல்கஹாலில் கரைத்த அரக்குப் பூச்சு) இரண்டு கை தடவி, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை அது.

## அறிகுறி: வெளிர்ப் பட்டியில் சிவப்பு, ஊதா படர்ந்திருக்கிறது

ஈட்டி மரத்தின் எண்ணெய்ச் சாயம் ஆல்கஹாலில் கரையும். ஷெல்லாக்கைப் பக்கப் பலகையிலிருந்து மேப்பிள் பட்டி மேல் இழுத்திருப்பீர்கள். உப்புத்தாள் போட்டாலும் தூள் அழுத்தமாகிக் கறை மரத்துக்குள் போகும். உப்புத்தாளைத் தள்ளி வையுங்கள், சவரத் தகடு போன்ற கூரான தகட்டால் பட்டியை மட்டும் அதன் நீளத்தில் சுரண்டுங்கள். பர்ஃப்லிங்கின் வெள்ளைக் கோட்டுக்கும் இதே மருந்துதான். பிறகு பட்டிக்கு மட்டும் சிறு தூரிகையால் ஷெல்லாக் தடவி அடைத்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். ஈட்டித் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் தரும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: அடிமுனையில் பர்ஃப்லிங் கோடுகள் மூலையில் சேரவில்லை

மூலை வெட்டு ஒரு கோடு நீளம் குறைந்துவிட்டது. கறுப்புக் கோட்டில் இடைவெளி என்றால் கருங்காலித் தூளும் பசையும் போதும். வெள்ளைக் கோட்டில் என்றால் இரண்டு விரற்கடை நீளத்துக்கு வெட்டி எடுத்து, புதுத் துண்டை நீளமாக விட்டு, மூலையில் ஒவ்வொரு முடி அளவாகச் சீவிச் சேருங்கள். மறுமுனையின் இணைப்பைச் சாய்வாக வெட்டினால் தெரியாது.

## அறிகுறி: ரோசெட் உள்ளே இறங்கவில்லை, அல்லது இறங்கிய பின் சுற்றிலும் இடைவெளி

### பசை தடவியதும் இறுகிவிட்டது

பசை இல்லாதபோது சரியாக இறங்கிய வளையம், பசை பட்டதும் பாதியில் நின்றால் பசையில் உள்ள நீரில் மரம் ஊதிவிட்டது. சுத்தியலை எடுக்காதீர்கள். வளையத்தை வெளியே எடுத்து, அதையும் காடியையும் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். அப்புறம் வெளிச்சுவரை உளியால் மயிரிழை தளர்த்துங்கள். வளையம் விரல் அழுத்தத்தில் இறங்க வேண்டும், அதே சமயம் பலகையைக் கவிழ்த்தால் தானாக விழக் கூடாது. அந்த அளவுதான் சரி.

### வெளிச்சுவரில் ஒரு பக்கம் மட்டும் இடைவெளி

வட்டம் வெட்டும் கருவியின் நடு ஆணி ஆடியிருக்கிறது. இதற்கு எனக்குப் பிடித்த வழி, இன்னொரு சுற்று வெட்டி 0.5 மில்லிமீட்டர் கறுப்புக் கோட்டைச் சேர்த்துவிடுவது. ஆரம்பத்திலேயே அப்படித் திட்டமிட்டது போல இருக்கும். ஆனால் அதற்கு நடு ஆணியின் துளை இன்னும் இருக்க வேண்டும். அதனால்தான் ரோசெட்டை ஒட்டி, சமன் செய்து, சாய்வு வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தியாகும் வரை ஒலித்துளையை அறுக்கக் கூடாது. அறுத்துவிட்டீர்களா? துளைக்குச் சரியாகப் பொருந்தும் மரவட்டு ஒன்றைச் செய்து செருகி, அதில் நடுப்புள்ளியை மறுபடி குறியுங்கள். இடைவெளி விரல்பலகையின் முனை வந்து மூடும் இடத்தில் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம்.

### சிப்பி தேய்ந்து அடிப்பசை தெரிகிறது

காடி சமமான ஆழத்தில் இல்லாததால் ரோசெட்டில் பதித்த சிப்பி ஒரு பக்கம் மேலெழுந்து, சமன் செய்யும்போது தேய்ந்துவிட்டது. முழு வளையத்தையும் தொட வேண்டாம், தேய்ந்த துண்டை மட்டும் மாற்றலாம். சாலிடரிங் இரும்பின் முனையைத் துண்டின் மேல் சில நொடி வைத்தால் சூப்பர் க்ளூ விட்டுக்கொடுக்கும். அந்தப் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும், முகத்தை விலக்கிக்கொண்டு காற்றோட்டத்தில் செய்யுங்கள். சிப்பித் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடியோடு, நீர் தொட்டுத் தேயுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்: ரோசெட் காடி ஆழமாகி அடியில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக மரம் மிஞ்சியிருந்தால், இனி அலங்காரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உள்பக்கம் ஒலித்துளையைச் சுற்றி முட்டுப் பலகை ஒட்டலாமா, மேல்தட்டையே மாற்றலாமா என்று அனுபவமுள்ளவரிடம் கேளுங்கள். பிரேஸ் (மேல்தட்டின் உள்பக்கத் தாங்கு சட்டம்) ஒட்டுவதற்கு முன் கேட்டால் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

## அறிகுறி: பூச்சு அடித்துச் சில வாரம் கழித்துக் கோடுகள் பள்ளமாகத் தெரிகின்றன

பசையும் மரமும் முழுதாகக் காய்வதற்குள் பூச்சு ஏறிவிட்டது. இது தொடர்ந்து இறங்கும் என்பதால் இப்போதே நிரப்பினால் திரும்பவும் இறங்கும். ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

மாற்றம் நின்ற பிறகு, பள்ளத்தில் மட்டும் தெளிந்த பூச்சைப் பற்குச்சி முனையால் சொட்டுச் சொட்டாக வையுங்கள். கொஞ்சம் மேடாகவே இருக்கட்டும். காய்ந்ததும் ஒரு சவரத் தகட்டை எடுத்து, இரண்டு முனையிலும் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். நடுவே விரலகலம் கூர் வெறுமையாக இருக்கும். டேப் நல்ல பூச்சின் மேல் வழுக்க, நடுக் கூர் சொட்டின் மேட்டை மட்டும் சீவும். டேப்பின் தடிமன் அளவுக்கு மேடு மிஞ்சும்போது கத்தி தானாக வெட்டுவதை நிறுத்திக்கொள்ளும். மிச்சத்தைக் கட்டையில் சுற்றிய நுண் உப்புத்தாளால் நீர் தொட்டுச் சமன் செய்து மெருகேற்றுங்கள்.

கோடு பள்ளமாகாமல் பூச்சே பட்டி ஓரமாக முடிபோல விரிசல் விட்டிருந்தால், அடியில் பட்டி அசைந்துகொண்டிருக்கலாம். நகத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் இல்லாவிட்டால் மேலே சொன்ன சொட்டு முறையே போதும். சத்தம் இருந்தால் இடுப்பு அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். அதுவும் பழைய வாத்தியமாக, செல்லுலாய்டு பட்டியாக, நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சாக இருந்தால் நீங்களே திறக்க வேண்டாம். செல்லுலாய்டு ஆண்டுக்கணக்கில் சுருங்கும் பொருள், சுருங்கிய பட்டியைத் திரும்ப இழுத்து ஒட்டினால் நீளம் போதாமல் இன்னோரிடத்தில் விடும். அந்தப் பூச்சைக் கெடுக்காமல் பட்டியைக் கழற்றி, நீளம் கூட்டி ஒட்டத் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.